விலை கொடுத்தும் கையில் இல்லாத கேம்

2023 ஜனவரி 18 அன்று கூகுள் தன்னுடைய ஸ்டேடியா என்ற கேம் ஸ்ட்ரீமிங் சேவையை இழுத்து மூடியது. மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன் 'வோர்ம் கேம்' என்ற சின்னஞ்சிறு கேம் ஒன்றைக் கடைசி வெளியீடாக இலவசமாக விட்டது. பழைய நோக்கியா போன்களில் இரை தின்றுகொண்டே நீளும் பாம்பு ஆட்டம் இருந்ததே, அதன் வகையறா. ஸ்டேடியா 2019இல் மக்களுக்குத் திறக்கப்படுவதற்கு வெகு முன்பே, அதன் வசதிகளைச் சோதிப்பதற்காக உள்ளுக்குள் பயன்படுத்திவந்த கேம் அது. வாடிக்கையாளர்கள் அதைச் சில நாட்கள் ஆடினார்கள். சேவையோடு அதுவும் போயிற்று.

அதோடு போனவற்றுள் 'அவுட்காஸ்டர்ஸ்' என்ற கேமும் உண்டு. ஸ்பிளாஷ் டேமேஜ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஸ்டேடியாவுக்காகவே உருவாக்கி 2020 டிசம்பரில் வெளியிட்டது. வேறு எந்தத் தளத்துக்கும் அது வரவில்லை. டிஸ்க் கிடையாது, டவுன்லோடு செய்துவைத்த கோப்பு கிடையாது. திருட்டுப் பிரதி எடுக்கக்கூட யார் கையிலும் எதுவும் இருந்ததில்லை. கேமின் நிரல் முழுவதும் கூகுளின் சர்வர்களுக்குள் ஓடியது. ஆடியவர்களின் வீட்டுக்கு வந்ததெல்லாம் அதன் படமும் ஒலியும்தான்.

பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை வந்தது, சினிமாவுக்கு நெட்ஃபிளிக்ஸ் வந்தது, கேமுக்கும் அதுவே வரும், டிஸ்க்கும் கன்சோலும் இன்னும் கொஞ்ச காலத்துக்குத்தான் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறார்கள். இந்தக் கணிப்பு பாதிதான் சரி என்பது என் முடிவு. ஸ்ட்ரீமிங் விற்பனையை வீழ்த்தவில்லை. அண்மைக் காலத்தில் வீழ்த்தும் என்பதற்கான அறிகுறியும் இல்லை. ஆனால் விற்பனை என்ற பெயரில் இன்று நடப்பது, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ட்ரீமிங்கின் குணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஸ்ட்ரீமிங் என்றதும் யூடியூபிலோ ட்விட்சிலோ ஒருவர் ஆடுவதை மற்றவர்கள் பார்ப்பது நினைவுக்கு வரலாம். இங்கே பேசுவது அதுவல்ல. கேம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓட, அதை நாம் இங்கிருந்து ஆடும் கிளவுட் கேமிங்கைப் பற்றியே பேச்சு.

தூரமும் செலவும்

கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தச் செய்தி இணையம் வழியாக டேட்டா சென்டருக்குப் போகிறது. அங்குள்ள கணினி உங்கள் கதாபாத்திரத்தைத் துள்ளவைத்து, அந்தக் காட்சியை வரைந்து, வீடியோவாகச் சுருக்கித் திருப்பி அனுப்புகிறது. உங்கள் டிவி அதை விரித்துக் காட்டுகிறது. நொடிக்கு 60 காட்சிகள் ஓடும் கேமில் ஒரு காட்சிக்கான நேரம் 16.7 மில்லி நொடி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் போகும். ஆடுபவர் சென்னையில், சர்வர் மும்பையில் என்று வைத்துக்கொள்வோம். நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்ப ஒளிக்கே 10 மில்லி நொடி ஆகிவிடும். நிஜத்தில் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. வழியெங்கும் ரவுட்டர்கள், வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம், வீட்டு வைஃபையின் தடுமாற்றம் எல்லாம் சேர்ந்தால், அழுத்துவதற்கும் நடப்பதற்கும் இடையில் பல காட்சிகள் ஓடிவிடும். இதைத்தான் ஆடுபவர்கள் 'லேக்' என்கிறார்கள். நிதானமாக யோசித்து ஆடும் கேமில் இது தெரியாது. எதிராளியின் குத்து எத்தனையாவது காட்சியில் விழும் என்று எண்ணி ஆடும் சண்டை கேமில் இது தோல்வி. சர்வரைப் பக்கத்தில் கொண்டுவந்து இந்தத் தாமதத்தைக் குறைக்கலாம். முற்றாக ஒழிக்க முடியாது.

டேட்டா செலவு வேறு. 4கே தரத்தில் ஆட நொடிக்கு 35 மெகாபிட் வேண்டும் என்று ஸ்டேடியா கேட்டது. கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 15 ஜிபிக்கு மேல் வரும். நாளுக்கு 2 ஜிபி ரீசார்ஜில் இருப்பவருக்கு எட்டு நிமிடத்துக்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும்.

ஆனால் இந்தத் தொழிலை உண்மையில் நெரிப்பது இவை இரண்டும் அல்ல, அதன் பொருளாதாரம். நெட்ஃபிளிக்ஸ் ஒரு படத்தைச் சில தரங்களில் ஒருமுறை சுருக்கி வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்புகளை ஊர் ஊராக இணைய நிறுவனங்களின் கூடங்களிலேயே சேமித்து வைக்கிறது. பார்ப்பவர் பத்துப் பேரோ பத்து இலட்சம் பேரோ, அனுப்புவது அதே கோப்பு. கேமில் அப்படி எதையும் முன்கூட்டிச் சேமிக்க வழியில்லை. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் ஒரு காட்சி, நான் வலப்பக்கம் திரும்பினால் வேறு காட்சி. கல்யாணப் பந்திக்குச் சாம்பாரை ஒரே அண்டாவில் வைத்து ஆயிரம் இலைக்கு ஊற்றலாம். தோசையை ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும். ஆடும் ஒவ்வொருவருக்கும், அவர் ஆடிமுடிக்கும்வரை, எங்கோ ஒரு கிராபிக்ஸ் கார்டு அல்லது அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாரும் ஆட உட்காருவதும் வேலையும் பள்ளியும் முடிந்த மாலை நேரத்தில்தான். அந்த உச்ச நேரத்துக்குத் தேவையான இயந்திரங்களை வாங்கினால், விடியற்காலையில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். கன்சோல் வணிகத்தில் இந்த இயந்திரச் செலவையும் மின்சாரக் கட்டணத்தையும் வாடிக்கையாளரே தன் பையிலிருந்து கொடுத்துவிடுகிறார். ஸ்ட்ரீமிங்கில் அவ்வளவும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் சேவையைப் பார்த்தால் இது விளங்கும். கிராபிக்ஸ் சிப்பை வடிவமைத்து விற்பதே அந்த நிறுவனம்தான். அப்படியிருந்தும், காசு கட்டும் சந்தாதாரர்களுக்கே மாதம் 100 மணி நேரம் என்ற உச்சவரம்பை 2025இல் கொண்டுவந்தது. எவ்வளவு படம் பார்த்தாலும் நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பார்ப்பதில்லை. தோசைக்கல் வைத்திருப்பவர் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆன்லைவ் முதல் ஸ்டேடியா வரை

இந்தக் கணக்கில் முதலில் விழுந்த பெரிய நிறுவனம் ஆன்லைவ். ஸ்டீவ் பெர்ல்மன் தொடங்கிய இந்நிறுவனம் 2009இல் சான் பிரான்சிஸ்கோ கேம் உருவாக்குநர் மாநாட்டில் தன் தொழில்நுட்பத்தைக் காட்டியபோது, பார்த்தவர்கள் பலர் நம்ப மறுத்தார்கள். 2010 ஜூனில் அமெரிக்காவில் சேவை தொடங்கியது. கேம் உண்மையிலேயே ஓடியது. ஆனால் ஆயிரக்கணக்கான சர்வர்களை நிறுவிவைத்திருந்த இடத்தில், ஒரே நேரத்தில் ஆடியவர்களின் எண்ணிக்கை 1,600ஐத் தாண்டவில்லை என்று அந்நாளில் செய்திகள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஊழியர்கள் எல்லாரும் வேலையிழந்தார்கள். நிறுவனம் கைமாறி, தள்ளாடி, 2015 ஏப்ரலில் அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கியதோடு முடிந்தது. அதே சோனி 2012இல் கைகாய் என்ற போட்டி நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு வாங்கி, பிளேஸ்டேஷன் நவ் சேவையை நடத்தியது. அது பின்னாளில் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2014இல் அறிவித்த ஷின்ரா, மக்களிடம் வந்து சேராமலே 2016இல் கலைந்தது.

ஸ்டேடியாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பணம் இல்லாமலோ டேட்டா சென்டர் இல்லாமலோ தோற்ற சேவை இல்லை அது. 2019 நவம்பர் 19 அன்று 14 நாடுகளில், 22 கேம்களோடு தொடங்கியது. கேம்களை முழு விலைக்கே விற்றது. கடையில் டிஸ்க்காக 60 டாலருக்குக் கிடைக்கும் கேமை, கூகுளின் சர்வரில் மட்டும் ஓடும் வடிவத்தில் அதே 60 டாலருக்கு வாங்கச் சொன்னது. விற்பனையின் விலையும் ஸ்ட்ரீமிங்கின் நிலையின்மையும் ஒரே பொட்டலத்தில். வாங்குபவர்கள் தயங்கினார்கள், தயங்கியது நியாயம். தானே கேம் தயாரிப்பதற்காகத் தொடங்கிய ஸ்டூடியோக்களை ஒரு கேம்கூட முழுதாக வெளிவருவதற்கு முன் 2021 பிப்ரவரியில் மூடுவதாக அறிவித்தது. 2022 செப்டம்பர் 29 அன்று சேவையையே நிறுத்தப்போவதாகச் சொன்னபோது, ஸ்டேடியாவுக்காக வேலை செய்துகொண்டிருந்த கேம் உருவாக்குநர்கள் பலர் செய்தியைப் பார்த்துத்தான் விஷயத்தை அறிந்தார்கள்.

வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் பணத்தால் திரும்பாதவை சில உண்டு. 'ரெட் டெட் ஆன்லைன்' கேமை ஸ்டேடியாவில் ஏறக்குறைய 6,000 மணி நேரம் ஆடிய ஒருவர், தன் கதாபாத்திரத்தை வேறு தளத்துக்கு மாற்றித்தரும்படி அதன் தயாரிப்பாளரிடம் பொதுவெளியில் மன்றாடினார். அது எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் 750 நாள் உழைப்பு.

ஸ்ட்ரீமிங்கின் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியானபோது, அன்றைய பிளேஸ்டேஷன் 4இல் அது திக்கித் திணறியது. சோனி தன் கடையிலிருந்தே அதை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டது. அதே வேளையில் ஸ்டேடியாவில், சாதாரண மடிக்கணினியின் பிரவுசருக்குள், அது ஒழுங்காக ஓடியது. கிராபிக்ஸ் கார்டுகள் கடைகளில் கிடைக்காமல் இரட்டை விலைக்குப் போன நாட்கள் அவை. 2025இல் சோனியும் மைக்ரோசாஃப்டும் அமெரிக்காவில் கன்சோல் விலையை ஏற்றின. கன்சோல் என்றால் நாளாக நாளாக விலை குறையும் என்ற பழைய வழக்கம் உடைந்துபோன பிறகு, கையில் இருக்கும் போனிலேயே ஆடலாம் என்பது பலருக்கு ஒரே வழியாக இருக்கும். 2025 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் கேமிங்கை இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அரை இலட்சம் ரூபாய் கொடுத்து கன்சோல் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை உலகத்தரமான ஒரு கேமைத் தொட்டுப்பார்க்க அது கதவைத் திறக்குமானால், அதை யாரும் இழிவாகப் பேசக் கூடாது.

சந்தாவின் கணக்கு

ஸ்ட்ரீமிங் இன்று பெரும்பாலும் தனியாக நிற்பதில்லை. சந்தாவின் தோளில் ஏறி வருகிறது. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் 2017 ஜூனில் மாதம் 10 டாலருக்குத் தொடங்கியது. மாதக் கட்டணம் கட்டினால் நூற்றுக்கணக்கான கேம்கள். 2020 செப்டம்பரில் அதன் உயர்நிலைச் சந்தாவுடன் ஸ்ட்ரீமிங்கைச் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் சந்தாதாரர்கள் 3.4 கோடி என்று அறிவித்தது நிறுவனம். 2025 நிதியாண்டில் கேம் பாஸின் வருவாய் ஏறக்குறைய 500 கோடி டாலர்.

பெரிய தொகைதான். ஆனால் உலகக் கேம் சந்தையின் ஆண்டு வருவாய் 18,000 கோடி டாலருக்கு மேல் என்பது நியூசூ ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாஸ் ஒரு சிறு துண்டு. அதிலும் கிளவுட் வழியாக மட்டுமே ஆடுபவர்கள் இன்னும் சிறிய துண்டு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பிரிவுக்குத் தலைவராயிருந்த ஃபில் ஸ்பென்சரே 2022இல், கேம் பாஸ் தங்கள் கேம் வருவாயில் 15 விழுக்காட்டு அளவில்தான் இருக்கும் என்றும், கன்சோலில் அதன் வளர்ச்சி மெதுவாகிவிட்டது என்றும் சொன்னார்.

சந்தா வந்தால் விற்பனை குறையுமா? குறையும் என்பதை மைக்ரோசாஃப்டே அறிந்திருந்தது. ஒரு கேமைக் கேம் பாஸில் சேர்த்த பிறகு அதன் விற்பனை அடுத்த ஓராண்டில் சரிகிறது என்று அதன் உள்ளக ஆய்வு காட்டியதை, பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. 2024 அக்டோபரில் 'கால் ஆஃப் டியூட்டி' வரிசையின் 'பிளாக் ஆப்ஸ் 6' வெளியான நாளிலேயே சந்தாவுக்குள் வந்தது. அதனால் 30 கோடி டாலருக்கு மேல் விற்பனை இழப்பு என்று புளூம்பெர்க் பின்னர் எழுதியது. 2025 அக்டோபரில் உயர்நிலைச் சந்தா மாதம் 30 டாலராக ஏறியது. ஆண்டுக்கு 360 டாலர்; முழு விலையில் ஐந்து கேம் வாங்கக்கூடிய தொகை. தொடக்கத்தில் ஆள் சேர்க்க மலிவாகக் கொடுத்த விலை, தொழிலின் உண்மையான விலை அன்று என்பது இப்போது வெளிப்பட்டுவிட்டது.

மறுபக்கம், விலை போட்டு விற்கும் கேம்கள் படுத்துவிட்டனவா? 2024 ஆகஸ்டில் வந்த சீனாவின் 'பிளாக் மித்: வூகோங்' மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதி விற்றது. அப்போது அது எந்தச் சந்தாவிலும் இல்லை. 2024 ஜனவரியில் வந்த 'பால்வேர்ல்டு' முதல் நாளிலிருந்தே கேம் பாஸில் இருந்தது. இருந்தும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் முதல் மாதத்தில் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் காசுக்கு விற்றன. 'கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற பிரெஞ்சு கேமும் 2025 ஏப்ரலில் கேம் பாஸில் வந்தது, மூன்று நாளில் பத்து இலட்சம் விற்றது. சந்தா சில கேம்களின் விற்பனையைத் தின்கிறது, சிலவற்றுக்கு விளம்பரமாகிறது. எது எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்தத் தொழிலில் ஊறியவர்களாலேயே முடியவில்லை. நீதிமன்ற வழக்கொன்றின்போது 2023இல் கசிந்த மைக்ரோசாஃப்டின் உள்ளகக் கடிதம் ஒன்றில், 'பால்டர்ஸ் கேட் 3' கேமைச் சந்தாவில் சேர்க்க 50 இலட்சம் டாலர் போதும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்; ஸ்டேடியாவில் ஏற்கெனவே வந்த பழைய சரக்கு என்பதுபோன்ற குறிப்பு வேறு. 2023 ஆகஸ்டில் அது முழு விலைக்கு வெளியாகி, அந்த ஆண்டின் பெரிய விருதுகளையெல்லாம் அள்ளிச் சென்றது. அதைச் செய்த லாரியன் நிறுவனத் தலைவர் ஸ்வென் வின்கே, சந்தா நிறுவனங்கள் எந்தக் கேம் உருவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் நிலை வந்துவிடக் கூடாது என்று 2024இல் வெளிப்படையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கையோடு எனக்கு முழு உடன்பாடு. வாசகர் காசு கொடுத்து வாங்கும்வரை எழுத்தாளர் வாசகருக்கு எழுதுவார். ஒரே நூலகம் மட்டும் வாங்கும் நிலை வந்தால் அந்த நூலகரின் ரசனைக்கு எழுதுவார். கேமுக்கும் அதே நிலைதான் வரும்.

சின்னஞ்சிறு சந்தையாக இருந்தும், கிளவுட் கேமிங்கின் வருங்காலத்தை அரசாங்கங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற கேம் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்க முனைந்தபோது, 2023 ஏப்ரலில் பிரிட்டனின் ஆணையம் அதைத் தடுத்ததற்குக் காரணம் கன்சோல் அன்று, கிளவுட். உலகக் கிளவுட் கேமிங்கில் 60 முதல் 70 விழுக்காடு ஏற்கெனவே மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது என்று அது கணித்தது. ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமையை 15 ஆண்டுகளுக்கு யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்திடம் விட்டுக்கொடுத்த பிறகே அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

விற்பனை மாறிப்போன விதம்

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரீமிங்கா விற்பனையா என்று கேட்கும்போது, விற்பனை என்ற ஒன்று அப்படியே பழையபடி இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை.

2004 நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' கடையில் டிஸ்க்காக வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் கணினியில் போட்டால், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் கணக்குத் தொடங்கி அனுமதி பெறாமல் ஓடாது. அன்று பலர் கொதித்தார்கள். இன்று கணினிக் கேம் என்றாலே பெரும்பாலானவர்களுக்கு ஸ்டீம்தான். 2025இல் ஒரே நேரத்தில் அதில் இணைந்திருந்தவர்கள் நான்கு கோடியைத் தாண்டினார்கள். 2013 மே மாதத்தில் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்த மைக்ரோசாஃப்ட், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும், பழைய டிஸ்க்கை மறுவிற்பனை செய்யக் கட்டுப்பாடு உண்டு என்றது. எதிர்ப்பு கிளம்பி, ஒரே மாதத்தில் பின்வாங்கியது. ஆனால் அன்று ஒரே அடியில் செய்ய முடியாததைத் தொழில் பிறகு தவணை முறையில் செய்துகொண்டது. 2024 நவம்பரில் 700 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் போடும் வசதியே கிடையாது. வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இன் கேம்கள் சில 'கேம் கீ கார்டு' என்ற வடிவத்தில் வருகின்றன. பெட்டி இருக்கிறது, உள்ளே கார்டு இருக்கிறது, கார்டுக்குள் கேம் இல்லை. டவுன்லோடு செய்யும் உரிமை மட்டும் இருக்கிறது. கடையில் கைநீட்டி வாங்கிய பெட்டிகூட, இன்னொருவருடைய சர்வர் திறந்திருக்கும்வரைதான் முழுப் பயன் தரும்.

யூபிசாஃப்டின் 'தி க்ரூ' கார்ப் பந்தய கேம் 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த வரைபடத்தில் தனியாகவே மணிக்கணக்கில் கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் சர்வரோடு தொடர்பில்லாமல் ஓடாதபடி அதைச் செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்கை அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அது அத்தோடு பயனற்றுப்போயிற்று. பிறகு, டிஜிட்டலாக வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். இது ஸ்ட்ரீமிங் சேவை அல்ல. முறையாகக் கடையில் விற்ற பண்டம். அவுட்காஸ்டர்ஸுக்கு நேர்ந்ததும் தி க்ரூவுக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஸ்டேடியாவிலாவது பணம் திரும்பியது.

சட்டம் மெல்ல விழித்துக்கொள்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில், டிஜிட்டல் பண்டத்தை விற்பவர் தான் தருவது உடைமை அல்ல, உரிமம்தான் என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸ்டீம் அந்த அறிவிப்பை முன்கூட்டியே போட்டுவிட்டது. நல்லது, ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டு அதே காரியத்தைத் தொடரலாம் என்றாகிவிட்டது. டிஜிட்டல் கேமையும் புத்தகம்போல மறுவிற்பனை செய்யலாம் என்று 2019இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று வால்வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. தி க்ரூ மூடப்பட்டதையொட்டி ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் நடத்திய குடிமக்கள் முறையீட்டில் 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையெழுத்தைக் கடந்தது. அவர்கள் கேட்பது நிறுவனங்கள் சர்வரை என்றென்றும் நடத்த வேண்டும் என்பதல்ல. நிறுத்தும்போது, வாங்கியவர் தானாக ஆடிக்கொள்ளும்படி ஒரு வழியை விட்டுப்போக வேண்டும் என்பதுதான்.

அது முடியாது, செலவு தாங்காது என்று தொழில் தரப்பில் சொல்கிறார்கள். செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வேலன் ஸ்டூடியோஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூனில் 'நாக்அவுட் சிட்டி' சர்வர்களை நிறுத்தியபோது, ஆடுபவர்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ளும் கணினிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. சோனி 2024 ஜனவரியில் 'கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' சர்வரை நிறுத்துமுன், இணையமில்லாமல் ஆட வழிசெய்தது. யூபிசாஃப்டே இந்தக் கூச்சலுக்குப் பிறகு 'தி க்ரூ 2'க்கு இணையமில்லா வசதியை 2025இல் கொண்டுவந்தது. மனமிருந்தால் முடிகிறது, மனமில்லாத இடத்தில் சட்டம் வேண்டும்.

எஞ்சி நிற்பது எது

இது வெறும் நுகர்வோர் தகராறு அல்ல. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் வாங்கக் கிடைக்காது. கடையில் கிடைக்காவிட்டாலும் அவற்றின் டிஸ்க்குகளும் கார்ட்ரிட்ஜ்களும் எங்கோ யாருடைய பரணிலோ கிடக்கின்றன, தேடுபவருக்கு அகப்படும். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' மௌனப்படத்தின் ஒரு பிரதியும் நம்மிடம் இல்லை என்று நாம் இன்றும் வருந்துகிறோமே, அந்தப் படத்துக்காவது ஒரு காலத்தில் பிரதிகள் இருந்தன, காக்கத் தவறினோம். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் வெளியாகும் கேமுக்குக் காக்க நினைப்பவர் கையில் தொடக்கத்திலிருந்தே எதுவும் இருப்பதில்லை. நூலகங்கள் பழைய கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதி கேட்டதை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. கடையிலும் கிடைக்காது, நூலகமும் தரக் கூடாது என்றால் அந்தக் கேம்களை ஆராய்பவர் எங்கே போவார்?

அடுத்த பத்தாண்டில் ஸ்ட்ரீமிங் வளரும் என்றே நினைக்கிறேன்: சந்தாவின் துணைப்பொருளாக, வாங்குமுன் ஆடிப்பார்க்கும் வழியாக, கன்சோல் இல்லாதவர்களின் வாசலாக. இருபது மணி நேரம், நூறு மணி நேரம் என்று மூழ்கி ஆடும் பெரிய கேம்களுக்கு மக்கள் விலை கொடுத்துக்கொண்டேயிருப்பார்கள். ஆகவே இரண்டில் எது வெல்லும் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இரண்டிலும் வாங்குபவருக்கும் வரலாற்றுக்கும் என்ன பாதுகாப்பு என்று கேட்பதே பயனுள்ளது.

வாங்குபவர்கள் தங்களளவில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. இணையமில்லாமல் கேம் ஓடுமா என்று வாங்குமுன் பார்க்கலாம். நிறுவுகோப்பையே டவுன்லோடு செய்து சொந்த வன்தட்டில் வைத்துக்கொள்ள விடும் ஜிஓஜி போன்ற கடைகளில் அதே கேம் இருந்தால் அங்கே வாங்கலாம். ஆனால் தனிமனிதரின் கவனத்தால் தீரும் காரியமில்லை இது. பிரான்சில் 1992 முதல் வீடியோ கேம்களையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்குச் சேர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த முறையைக் கேம்களுக்கும் விரிக்க வேண்டும். குறிப்பாக, ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே வெளியிடும் நிறுவனம், கேமின் ஓடக்கூடிய முழுப் பிரதியை, அதற்கான சர்வர் நிரலோடு, ஒரு பொது நூலகத்தில் ஒப்படைத்த பிறகே சேவையை நிறுத்தலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும். கிளவுட் கேமிங் இந்தியாவில் இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. விதி எழுதச் சரியான நேரம் இதுவே.